பூங்கா வாசலில் ஒட்டிய காகிதம்

எஸ்ட்ரெமோஸ், போர்த்துகல்
6 மார்ச் 2011

அன்புள்ள ஒராசியோ,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. சந்தேகமாக இருந்தால் எழுத்துகளைப் பார். ஒன்று மேலே ஏறியிருக்கும், அடுத்தது கீழே இறங்கியிருக்கும். எழுபத்தைந்து வயதுவரை எனக்குக் கட்டைவிரல் ரேகைதான் கையெழுத்து. இப்போது பெல்மீரோ என்று முழுதாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்து இன்று நான்காவது நாள்.

நூலகத்தில் வயதானவர்களுக்கு வாரம் மூன்று நாள் பாடம் நடக்கிறது. ஒதெத் என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். பொறுமைசாலி. பாடம் முடிந்ததும் நேராகப் பூங்காவுக்குப் போய்விடுவேன். தோட்டக்காரன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் கால் அங்கேதான் போகிறது. சீட்டாட்டக் கூட்டத்தில் நம் காலத்து ஆள் கஸ்பார் ஒருவன்தான் மிச்சம். நான் பையும் பென்சிலுமாக வருவதைப் பார்த்துவிட்டு முதல் நாள் கேட்டான்: "ஏன்யா பெல்மீரோ, இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப் போற? சொர்க்கத்து வாசல்ல பரீட்சையா வைக்கறாங்க?" இரண்டு மாதம் கழித்து அவனுடைய செய்தித்தாளை வாங்கி, அவனுடைய கால்பந்து அணி மூன்று கோல் வாங்கித் தோற்றதை எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டினேன். நான் மெதுவாகப் படித்ததால் அவனுக்குத் தோல்வி இன்னும் நீளமாகிவிட்டது.

குளத்தங்கரையில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? முப்பத்தெட்டு வருடம், ஒவ்வொரு வசந்த காலத்திலும் அதன் சட்டத்துக்கு நான்தான் பச்சை வர்ணம் அடித்தேன். போன மாதம்தான் அதைப் படித்தேன். புல்லின் மேல் நடக்காதீர்கள் என்று போட்டிருக்கிறது. புல்லின் மேல் நின்றுகொண்டுதான் படித்தேன்.

நான் அதிகம் படித்துப் பழகியது பூங்கா வாசல் கம்பிக் கதவில் ஒட்டும் சாவுக் காகிதங்களில். எழுத்து பெரிதாக இருக்கும். பெயர், வயது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அடக்கம். தினமும் அங்கே நின்று வாய்விட்டுப் படிக்கிறேன். செத்தவர்கள்தான் எனக்கு வாத்தியார்கள் என்று ஒதெத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உன் அம்மாவை அடக்கம் செய்ய வந்தவன் என்னைப் பார்க்காமலேயே போய்விட்டாய். எனக்கு விஷயமே மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். பதினெட்டு வருடமாகிறது. உன் சித்தி மகள் சனிக்கிழமைச் சந்தைக்கு வந்தபோது விலாசம் கேட்டு வாங்கினேன். ஒருமுறை வா, ஒராசியோ. ஆரஞ்சு மரங்கள் பூத்துவிட்டன. சீட்டாட்டத்தில் எனக்கு எதிரே உட்காரச் சரியான ஜோடி இல்லை. வருகிறவனெல்லாம் துருப்புச் சீட்டை முதலிலேயே இறக்கிவிடுகிறான்.

உன்
பெல்மீரோ


லக்சம்பர்க்
27 மார்ச் 2011

அன்புள்ள பெல்மீரோ,

உறையின் மேல் எழுத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளை யாரோ எழுதியது என்று நினைத்தேன். உள்ளே உன் பெயரைப் பார்த்ததும் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் ஓடி வந்து, "என்னப்பா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகல. பெல்மீரோ படிச்சுட்டான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா கடைசி வருடம் சித்தியோடு வேறு ஊரில் இருந்தாள், அங்கேதான் இறந்துபோனாள். நம் ஊர்க் கல்லறையில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். சித்தி காகிதம் அச்சடித்து வியாழக்கிழமை சாயங்காலம் பூங்கா வாசலில் ஒட்டச் சொன்னாள். அம்மாவுக்கு ஒரே ஒரு புகைப்படம்கூடக் கிடையாது, அதனால் பெயருக்கு மேல் வெறும் சிலுவை. எர்மெலிந்தா, எழுபத்தொன்பது வயது, சனிக்கிழமை காலை பத்து மணி. நான் விமானம் பிடித்து, பஸ் பிடித்து நேரே கல்லறைக்கு வந்தேன். பாதிரியார், குழி வெட்டுகிறவர், சித்தி, நான். வேறு ஒரு ஆள் இல்லை. பெட்டியைப் பிடிக்கக் கை போதாமல் குழி வெட்டுகிறவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

சந்தை நாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஊரே கூடியிருந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாற்பது வருடம் அந்த ஊர்த் துணியைத் துவைத்தவள். புருஷன் இல்லாமல் என்னைப் பெற்றாள் என்று வாய் கூசாமல் பேசியவர்கள், அவள் செத்த பிறகும் அதை மறக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். ஊருக்குள் கால் வைக்காமல் அப்படியே திரும்பிவிட்டேன். நீ வராததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. உனக்குத் தெரியாது என்று இப்போது எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். உன்னால் படிக்க முடியாது என்பதை நான் அன்று நினைத்துப் பார்க்கவில்லை, அது என் தப்பு. ஆனால் மற்றவர்களுக்குக் கண் இருந்ததே.

ஆரஞ்சுப் பூ இங்கே கிடையாது. இன்னும் எழுது.

ஒராசியோ


எஸ்ட்ரெமோஸ்
17 ஏப்ரல் 2011

அன்புள்ள ஒராசியோ,

உன் கடிதத்தை நானே படித்தேன். இரண்டு நாள் ஆனது.

இங்கே எல்லோரும் நலம். மழை அதிகம். குளத்தில் வாத்து ஆறு குஞ்சு பொரித்திருக்கிறது. கஸ்பாருக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஒதெத் எங்களுக்கு இப்போது பெருக்கல் சொல்லித்தருகிறாள். புதிதாக வந்த தோட்டக்காரன் ரோஜாவை மிகவும் கீழே வெட்டிவிட்டான். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி வாங்க வேண்டும்.

இன்று கை வலிக்கிறது. அதனால் இவ்வளவுதான்.

பெல்மீரோ


லக்சம்பர்க்
1 மே 2011

பெல்மீரோ,

வாத்துக்குஞ்சு பற்றி எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீயும் ஊர்க்காரன்தானே, ஊரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளவா?

கோபத்தில் கேட்கவில்லை. உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஊர் நினைப்பாகவே இருக்கிறது. ஆகஸ்டில் வரலாம் என்று மகளிடம் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் உன் எதிரே உட்கார்ந்து சீட்டாடுவேன். துருப்பைக் கடைசிவரை வைத்திருப்பேன். ஆனால் அந்த மனிதர்கள் நடுவில் உட்கார வேண்டும் என்றால் எனக்கு இது தெரிந்தாக வேண்டும். ஏன் ஒருவர்கூட வரவில்லை? நீ விசாரித்து எழுது. உண்மை என்னவாக இருந்தாலும் சரி.

ஒராசியோ


எஸ்ட்ரெமோஸ்
22 மே 2011

அன்புள்ள ஒராசியோ,

விசாரித்தேன். ஆனால் பதில் எனக்கு முன்பே தெரியும். உன் முதல் கடிதத்தில் வெறும் சிலுவை என்ற இடத்தைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. அந்த இடத்தைத் தப்பாகப் படித்திருப்பேனோ என்று ஏழெட்டு முறை எழுத்துக்கூட்டினேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

வாசல் கதவைச் சுத்தமாக வைப்பது தோட்டக்காரன் வேலை. சந்தைக்கு வெளியூர் ஜனம் வரும் என்பதால், நாள் கடந்த காகிதங்களை வெள்ளிக்கிழமை காலையில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எது நாள் கடந்தது என்று பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது. அது மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் நானே ஒரு வழி வைத்திருந்தேன். படம் போட்ட காகிதம் என்றால் அடக்கம் இனிமேல்தான், அதைத் தொடக்கூடாது. படம் மங்கிவிட்டால் எடுத்துவிடலாம். சிலுவை மட்டும் இருந்தால் அது எல்லாம் முடிந்த பிறகு குடும்பத்தார் நன்றி சொல்லி ஒட்டுவது. அதைக் கிழித்துவிடலாம். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் அச்சடிப்பார்கள். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவை போட்ட ஒரு காகிதம் இருந்தது. சுரண்டவே வேண்டியிருக்கவில்லை. பசை ஈரமாக இருந்தது, முழுக் காகிதமும் என் கையோடு வந்துவிட்டது. எனக்கு இது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று எனக்கு ஒரு விநாடி யோசனையாக இருந்தது. பழைய காகிதத்தில் பசை எப்படி ஈரமாக இருக்கும்? நாளிதழ்க் கடை திறந்திருந்தது. கடைக்காரியிடம் நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வெட்கமாக இருந்தது. ரோஜாக் கிளைகளோடு சேர்த்துக் கொளுத்திவிட்டேன்.

படிக்கத் தெரியாதது என் தப்பு இல்லை என்று ஒதெத் சொல்கிறாள். இருக்கலாம். கேட்காதது என் தப்பு.

ஊரில் யாரும் உன் அம்மாவை ஒதுக்கவில்லை. நீ சொன்னபடி கஸ்பாரிடம் கேட்டேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டான். "அந்தம்மா செத்தது எங்களுக்கு எங்கய்யா தெரியும்? தெரிஞ்சிருந்தா பெட்டியத் தூக்க நான் வந்திருக்க மாட்டேனா? என் கல்யாணச் சட்டையத் தொவச்சுக் குடுத்ததே அவதான். காசுகூட வாங்கிக்கல." பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். ஐம்பது பேர் வந்திருப்பார்கள், ஒராசியோ. கடையை மூடிவிட்டு வந்திருப்பார்கள். கஸ்பார் என்னைக் கேட்டான், "அப்ப அந்தக் காகிதத்த எவன்யா கிழிச்சான்?" நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அன்று யாரும் ஆடவில்லை.

சின்ன வயதில் என் அம்மா இறந்த பிறகு உன் வீட்டில்தான் நான் சாப்பிட்டேன். ரொட்டியை வெட்டினால் உன் அம்மா முதல் துண்டை எனக்குத்தான் கொடுப்பாள். நீ சண்டை போடுவாய்.

இதை எழுதாமல் விட்டிருந்தால் நீ ஆகஸ்டில் வந்திருப்பாய் என்று தெரியும். உன் கடிதம் வந்ததிலிருந்து அதைத்தான் யோசித்தேன். ஊருக்குத் தெரியாது, யாருக்கோ ஞாபகமில்லை என்று ஏதாவது எழுதியிருக்கலாம். ஆனால் நீ என் எதிரே உட்கார்ந்து அந்த மனிதர்களை முறைத்துக்கொண்டிருப்பாய். என்னைப் பார்த்து மட்டும் சிரிப்பாய். அதை நான் எப்படித் தாங்குவேன்?

படிக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி முதல் கடிதத்தில் எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன். அது பொய்யில்லை.

பெல்மீரோ


லக்சம்பர்க்
13 நவம்பர் 2011

பெல்மீரோ,

உன் கடிதத்துக்கு ஆறு மாதம் பதில் எழுதவில்லை. ஆகஸ்டில் வரவும் இல்லை. உனக்குக் காரணம் தெரியும்.

இந்த மாதம் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் முதலில் பூங்காவுக்குத்தான் வந்தேன். குளத்துக்கு அந்தப் பக்கம், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ சீட்டு மேசையில் இருந்தாய். தலைமுடி முழுக்கப் போய்விட்டது, ஆனால் தோளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. செய்தித்தாளை முகத்தருகே பிடித்துக்கொண்டு, விரல் வைத்து, எல்லோருக்கும் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டாய். கஸ்பார் ஏதோ கிண்டல் செய்தான், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். மன்னித்துவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லது. அவர்கள் உன்னோடு தினமும் இருக்க வேண்டியவர்கள்.

நான் பேசத்தான் வந்தேன். மூன்று முறை எழுந்தேன். வந்து கை குலுக்கியிருப்பேன், அது கஷ்டமில்லை. அதற்குப் பிறகு உட்கார வேண்டும், சீட்டைக் கலைக்க வேண்டும், உன்னோடு சேர்ந்து சிரிக்க வேண்டும். அது என்னால் ஆகாது என்று தெரிந்தது. பதினெட்டு வருடம் ஒரு ஊரையே வெறுத்தேன். என் பிள்ளைகளுக்கு அந்த ஊரைக் காட்டவில்லை. இப்போது அந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உன்மேல் வைக்கவும் மனம் வரவில்லை, கீழே போடவும் முடியவில்லை. இன்னும் பதினெட்டு வருடம் இருந்தால் சரியாகும். நமக்கு அவ்வளவு இல்லை.

நீ உண்மையை எழுதினாய். எழுதத் தெரிந்த எத்தனையோ பேர் எழுதியிருக்க மாட்டார்கள். அதற்கு நன்றி. இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் நான் படிப்பேன், அதனால் சொல்கிறேன்.

பின்பக்க வழியாக வெளியே வந்து கல்லறைக்குப் போனேன். எல்லாக் கல்லறையிலும் பூ. அம்மாவுடையதிலும் யாரோ வெள்ளைச் சாமந்தி வைத்திருந்தார்கள், ஒன்றல்ல, நான்கைந்து கொத்து. யார் என்று நான் விசாரிக்கவில்லை. அவளிடம் சொன்னேன். ஊர் உன்னை ஒதுக்கலம்மா, உன் காகிதம் வாசல்ல ஒரு பகல்கூட இல்ல, அதான் யாருக்கும் தெரியல என்று சொன்னேன். யார் கிழித்தது என்று அவள் கேட்பாள் அல்லவா? அவளுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்.

காற்று என்று சொல்லிவிட்டேன்.

ஒராசியோ