பொட்டு வைத்த கிறிஸ்மஸ் மரங்கள்

மே மாதம், ஞாயிறு இரவு

எழுத்து இன்றும் கோணலாகத்தான் வருகிறது. பகல் முழுக்க மண்வெட்டி பிடித்த கை, பொறுத்துக்கொள்ள வேண்டும். போன குளிர்காலத்தில்தான், இந்த வயதில், எழுதப் பழகினேன். யாரையும் கேளாமல் நானே எழுதுவது இன்னும் புதினமாக இருக்கிறது.

ஒஷாவா நகருக்கு வடக்கே வாங்கிய எங்கள் காணியில் இன்று கிறிஸ்மஸ் மரக் கன்றுகளை நட்டு முடித்தோம். முதல் கன்றுக்கு மட்டும் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைக்கும்படி மனைவி பூமணியிடம் சொன்னேன். முதுகை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தால், எல்லாக் கன்றுக்கும் வைத்துவிட்டாள்.

"இனி உதுகளை வெட்டக் கூடாது," என்றாள்.

"வெட்டி விக்கத்தானேயப்பா நட்டனாங்கள்."

"பொட்டு வைச்சதிலை ஆர் கத்தி வைக்கிறது?"

அஜின்கோர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பினோம். வழியில் வாதாட எனக்குத் தெம்பில்லை. வீட்டில் என் முதுகுக்குத் தைலம் தேய்க்கும்போதுதான் கேட்டாள்.

"எத்தினை வருசத்தாலை வெட்டுறது?"

"எட்டு."

"அப்ப அதுவரைக்கும் நீங்கள் சாகேலாது. இருந்து, என்னோடை சண்டை பிடிச்சுப்போட்டு வெட்டுங்கோ."

அவள் உறங்கிவிட்டாள். எனக்கும் கண் சொருகுகிறது. அடுத்த ஞாயிறு களை பிடுங்கிவிட்டு வந்து, இதைவிட நேரான எழுத்தில் எழுதப் பார்க்கிறேன்.