மகள் சொன்ன மொனோடோனிசிட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

போனில் பேசும்போது தலையை ஆட்டியிருக்கிறேன். "தலைய ஆட்டுனா எனக்குக் கேக்காதுப்பா. புரிஞ்சுச்சா, இல்லையா?" என்று மகள் சிரித்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். நாளைக்குப் பரீட்சை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கினால் யாருக்கும் விளங்குமாம். அதனால் பாடத்தை என்னிடம் சொல்லிப் பார்ப்பாள்.

இன்றைக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் வரும் மொனோடோனிசிட்டி. "ஃபங்ஷன்னா, விவரத்தக் குடுத்தா பதில் தர்ற கணக்கு. அதுக்குப் பாதி விவரம்தான் கெடச்சிருக்குன்னு வைங்க. பாதிப் பதில் சொல்லலாம். இன்னும் தெரியலைன்னு சும்மாவும் இருக்கலாம். மிச்ச விவரம் வந்தா பதிலைக் கூட்டிக்கலாம். ஆனா மொதல்ல சொன்னதை மாத்தவே கூடாது."

"நம்ம தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்கு இதைச் சொல்லிக் குடும்மா. காலையில சொன்ன வேலைய மத்தியானம் மாத்துறாரு" என்றேன்.

போன வாரம் மழை விட்டதும், நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏதும் ஆயிற்றா என்று கேட்டிருந்தாள். பின்பக்கம் போய்ப் பார்க்காமலே ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன். தெரியவில்லை என்று சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. இன்று காலை பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து, லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருப்பதைக் காட்டினார்கள். வெடிப்பில் என் கை முழங்கை வரை உள்ளே போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும். எங்கே போவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள். நான் போட்ட முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள்.

"பரீட்சை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துர்றேன்ப்பா" என்றாள்.

"சரிம்மா, நல்லா எழுது" என்றேன்.

வர வீடு இருக்காது என்று சொல்லவில்லை.