கரையைப் பார்த்த ஜன்னல்

அன்புள்ள டெல்பினுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவை விசாரித்ததாகச் சொல். விஸ்கான்சினில் குளிர் தொடங்கிவிட்டது. கப்பல் பட்டறையில் வேலைக்குக் குறையில்லை.

பட்டறை நண்பன் ஆரினின் படகில் வாத்து வேட்டைக்கு, ஆள் ஒளிந்திருக்க ஒரு மறைப்பு கட்டுவதாக எழுதியிருந்தேனே, முடித்துவிட்டோம். பைப்பை வளைத்துக் கூடு போட்டு, வலை கட்டி, நான் அறுத்துவந்த நாணலைக் கற்றை கற்றையாகச் செருகினேன். கரையில் யாராவது வந்தால் தெரியட்டும் என்று ஒரு சின்ன ஜன்னலும் வைத்தேன்.

"இதுல ரெண்டு பேருக்குத்தான் இடம். நீயும் நானும்தான்டா," என்றான் ஆரின்.

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்பே பிளாஸ்க் நிறையக் காப்பியோடு படகுத்துறைக்குப் போனேன். படகைக் காணவில்லை. ஏரியில் ஒரு நாணல் புதர் மட்டும் தெரிந்தது. அதற்குள்ளிருந்து ஆரினும் அவன் மச்சானும் சிரிப்பது கேட்டது. கையை ஆட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

திங்களன்று பட்டறையில், "நீ கரையில நின்னியா? அய்யய்யோ, உள்ளேருந்து ஒண்ணுமே தெரியலப்பா!" என்றான். "பரவால்லடா, எத்தனை வாத்து விழுந்துச்சு?" என்று கேட்டுவைத்தேன்.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. நாணல் கிழித்த கை இன்னும் ஆறவில்லை. நம் நாயின் படமும் ஒன்று வை.

ஆரின் உட்கார்ந்தால் அவன் கண்ணுக்கு நேராக வரும்படி அந்த ஜன்னலை அளந்து வைத்தவன் நான், டெல்பின். அம்மாவிடம் இதைச் சொல்லாதே. பட்டறைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் ரெமி