மூன்றாம் நம்பர் குளிர் அறை

மார்ச் 3, செவ்வாய்

ஐஸ் ஆலை முதலாளியின் பேரன் போன் செய்தான். கட்டடத்தை விற்றுவிட்டார்களாம். பதினாறாம் தேதி இடிக்கிறார்களாம். அதற்குள் பழைய இயந்திரத்தில் இருக்கும் அமோனியா வாயுவை இறக்க வேண்டும். அந்த இயந்திரம் இப்போது யாருக்கும் பிடிபடவில்லை. "நீங்கதாம்மா வரணும்" என்றான்.

பத்தொன்பது வருடம் அதை ஓட்டினேன். ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து நானே கற்றது. பதிவேட்டில் மட்டும் கடைசிவரை 'உதவியாள்' என்றே எழுதினார்கள். என்னிடம் சான்றிதழ் இல்லையாம். அது இயந்திரத்துக்குத் தெரியாது. என் கைக்கு ஓடியது.

நிபந்தனை போட்டேன். 'மெக்கானிக்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தால் வருவேன். இல்லாவிட்டால் வாயுவோடு சேர்த்து இடித்துக்கொள்ளட்டும்.

தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தான். "அறுபத்தேழு வயசுல உனக்குப் பதவி உயர்வா அக்கா?" அவன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன், அதனால் எதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொள்ளவில்லை. "சான்றிதழ் வச்சிருந்து நீ என்னத்தக் கிழிச்ச?" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

கடிதம் வந்தது, எழுத்துப் பிழையோடு. போனேன்.

வாயுவை இறக்குவதற்கு இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டி, குழாய்களில் கிடப்பதைத் தொட்டிக்கு இழுக்க வேண்டும். ஓட்டினேன். மூன்றாம் நம்பர் குளிர் அறைக்குள் போய் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. ஈரத் தரை, பெட்டிகள், ஆட்களின் சத்தம். சுவர் நாள்காட்டியில் செப்டம்பர் 14. வருடம் நாற்பத்தொன்று பின்னால். கடிகாரத்தில் மூன்று ஐம்பது. நான் வந்த கதவின் கைப்பிடியில் உறைபனி பிடித்திருந்தது. அது உருக ஆரம்பித்ததும் பயந்துபோய் உள்ளே ஓடினேன். மறுபடி வெளியே வந்தால் இடிந்த சுவரும் புறா எச்சமும்.

ஏன் என்று கையேட்டில் இல்லை. கையேட்டில் இல்லாததையும் நான் ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். சரியாக இருக்கிறது. ஆகவே பைத்தியம் இல்லை.

மார்ச் 7, சனி

அந்த செப்டம்பர் 14 எனக்குத் தெரியாத நாளா?

ஆலை வாசலில் பெட்டிகளை எடை போட ஒருவர் இருந்தார். எடைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நான் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள். அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அன்று மாலை ஆறு மணி ரயில். "நாலு மணிக்கு பஸ் ஸ்டாப் பெஞ்சுக்கு வாங்க. வந்தீங்கன்னா அப்படியே உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசிட்டுத்தான் ரயிலேறுவேன்" என்றார்.

போனேன். பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஒரு பெண்ணைத் தெருவில் உட்கார வைத்தவருக்குப் பதினாறாவது நிமிடம் கிடையாது. பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றையும் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சோடு வந்தவர்களையும் அப்படியே.

ஆகவே இன்று இயந்திரத்தை ஓட்டி மறுபடி அந்த நாளுக்குப் போனது காதலுக்காக இல்லை. அவர் வராததைக் கண்ணால் பார்த்து இன்னொரு முறை கோபப்பட.

பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வயது. முதுகுதான் எவ்வளவு நேர்! எதிர்க் கடை ஓரமாக நின்று பார்த்தேன். எழுந்தாள், உடுப்பைத் தட்டிவிட்டாள், திரும்பிப் பார்க்காமல் போனாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் நாலு மணி அடித்தது. மணி ஓய்வதற்குள் தெருமுனையில் எடைக்காரர். ஓட்டமும் நடையுமாக.

கால் தானாக பெஞ்சுக்குப் போனது.

"அம்மா, இங்க ஒரு பொண்ணு உக்காந்திருந்தாங்களா?"

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்காதீங்கம்மா, உக்காருங்க. வந்துருவாங்க. நேரம் தவறுற ஆளே இல்ல."

அவர் மடியில் ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டினார், நான் கேட்காமலே. கம்பளிக் கையுறை. "ஐஸத் தொட்டுத் தொட்டு அவங்க கை வெடிச்சிருக்கு" என்றார். அந்தக் கையை என் மடியில் மறைத்துக்கொண்டு எட்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்ப வாழ்க்கை மொத்தம் அவ்வளவுதான்.

பள்ளி மணி அடித்துப் பத்து நிமிடம்தான் இருக்கும், கைப்பிடிப் பனி உருகிவிடுமே என்று ஆலைக்குள் ஓடினேன். சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பிடவில்லை.

கடிகாரத்தை முந்தி வைத்தது யார்?

சாயந்தர ஷிஃப்டுக்கு ஒருவன் வருவான். ஆமை என்று பெயர் வைத்திருந்தோம். தினமும் இருபது நிமிடம் தாமதம். அவனுக்குப் பாடம் புகட்ட, அந்த செப்டம்பர் 14க்கு முந்தின நாள் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளை இருபது நிமிடம் தள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. மறுநாள் படபடப்பில் சுவரைப் பார்த்தேன், கிளம்பினேன்.

ஆமை ஒழுங்காக வந்திருந்தால் நான் ஏன் அதைத் தொடப்போகிறேன்? தப்பு ஆமையினுடையது.

இல்லை. தள்ளியது நான். மறந்தது நான். மன்னிக்காமல் விட்டது அவரை.

மார்ச் 9, திங்கள்

எடைக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கத் தம்பியிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்தான்.

"அவரு போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு அக்கா. கடைசிவரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலையாம்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"அவர் பேர எடுத்தா நீ ஒரு மாசம் பேசமாட்டியே."

உண்மை.

மார்ச் 10, செவ்வாய்

கடிகாரத்தைத் திருத்தலாமென்றால், நான் போய்ச் சேரும்போதே அவள் அதைப் பார்த்துக் கிளம்பிவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதே நாள், அதே நேரம், புதிதாகத் தொடங்குகிறது. நேரே பெஞ்சுக்குப் போனேன்.

"ஆலைக் கடிகாரம் இருபது நிமிஷம் முந்தி ஓடுதும்மா. இப்ப மணி மூணே முக்கால்தான். கொஞ்சம் பொறுத்துப் போ."

"யாரு பாட்டி நீங்க?"

பாட்டியாம்!

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்படிச் சொன்னவங்க யாரும் எனக்கு நல்லது பண்ணதில்ல. என் ஆலைக் கடிகாரத்தப் பத்தி வெளியாளுங்க பேச வேண்டாம்."

"நேத்து நீதானே ஸ்டூல் போட்டு ஏறி..."

"வேவு பாத்தீங்களா? ஆமை அனுப்பிச்சானா உங்கள?"

பதினைந்து நிமிடம்கூட இருக்கவில்லை. என்னால் முன்னதாகவே எழுந்து போய்விட்டாள். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடியதில் நேரம் போய்விட்டது. திரும்பும்போது கைப்பிடியில் பனி நகக்கண் அளவுதான் மிச்சம். கதவு பாதி திறந்து இறுகிக்கொண்டது. இடக்கையின் இரண்டு விரல் கதவின் உள்பக்கப் பனியில் ஒட்டிக்கொள்ள, பிய்த்துக்கொண்டு வந்தேன். இப்போது அந்த விரல்களில் ஊசி குத்தினாலும் தெரியவில்லை.

மார்ச் 11, புதன்

விரல்கள் கறுத்துவிட்டன. எடுத்துவிட வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். கட்டுப் போட்டு அனுப்பினார்.

தம்பி கத்தினான். "அந்த எழவெடுத்த எடத்துக்கு இனிமே போகாத. யாருக்காக அக்கா இதெல்லாம்?"

இறக்கிய வாயுவை அன்றன்றே லாரி கொண்டுபோய்விடுகிறது. வாயு அழுத்தம் காட்டும் கேஜ் முள் படுத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை ஓடும். இனிமேல் அவர் இருக்கும் இடம் அந்த பெஞ்சு மட்டும்தான்.

மார்ச் 13, வெள்ளி

யார் சொன்னதையும் நான் கேட்டதில்லை. அப்படியானால் என்ன சொன்னால் நான் உட்கார்ந்திருப்பேன்?

மார்ச் 14, சனி

இந்த நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வராவிட்டால் இதைத் தம்பி படிக்க வேண்டாம்.

பெஞ்சின் முன்னால் போய் நின்றேன்.

"எழுந்திரு. இது என் எடம்."

"பேர் எழுதியிருக்கா பாட்டி?"

"உன்ன உக்கார வச்சவன் வரப்போறதில்ல. ரோஷம் இருந்தா எழுந்து வீட்டுக்குப் போ."

"அவர் வராட்டி போறாரு. நீங்க சொல்லி நான் எழுந்திரிக்கணுமா?"

"பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்குள்ள நீயே போயிடுவ, பாரு. உன் மூஞ்சிக்குப் பொறுமை ஒண்ணுதான் கொறச்சல்."

"பாப்போமா? இருட்டுற வரைக்கும் இருப்பேன். என்ன செஞ்சிருவீங்க?"

பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெடித்த கைகள். பத்து விரலும் இருந்தன. நான் விடாமல் திட்டினேன். அவளுடைய நடையை, திமிரை, படிப்பில்லாத மேதாவித்தனத்தை. ஆலையில் என்னைச் சொன்னதையெல்லாம் எடுத்து அவள் மேல் கொட்டினேன். கண் கலங்கியது அவளுக்கு. எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக நான் யாரையும் திட்டியதில்லை.

மணி அடித்தது. தெருமுனையில் அவர் திரும்பினார். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் என்னைத்தான் பார்த்தாள். ஜெயித்த பார்வை.

கையுறையைக் கொடுப்பதைப் பார்க்க நிற்கவில்லை. பனி காத்திருக்காது.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி வீட்டு மாடி அறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. "என்னக்கா, உன் வீட்டுச் சாவியத் தொலச்சிட்டியா? கையில என்ன கட்டு?" என்றான். கையைப் பிடித்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

சுவரில் எடைக்காரர் படம். தலை முழுக்க நரை. அலமாரியில் மடித்த சட்டைகள். இங்கேயும் அவர் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. அதை எந்த முள்ளாலும் தள்ளி வைக்க முடியவில்லை.

முப்பத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறோம். எனக்கு எட்டு நிமிடம்தான் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

ஆலையை இடித்துவிட்டார்கள்.

மார்ச் 18, புதன்

போன் அடித்தது. "அம்மா, நான்தான்" என்றது ஒரு பெண் குரல்.

"யாரு?"

"வெளையாடாதம்மா. மாமா சொன்னாரு, நீ ஒரு மாதிரி இருக்கேன்னு. சனிக்கிழம நாலு மணிக்கு வரேன். உன் வீட்டுக் கடிகாரத்தப் பாத்துட்டு லேட்டா வந்தேன்னு சண்ட போடாத. அது எப்பவும் இருபது நிமிஷம் முன்னாடி."

அலமாரியின் கீழ்த்தட்டில் முப்பத்துச் சொச்சம் நாட்குறிப்புகள். என் கையெழுத்து. அடுத்தவர் நாட்குறிப்பைப் படிப்பது தப்பு. படித்தேன்.

முழுக்கப் புகார். "இன்றும் கடிகாரத்தைச் சரியாக்கிவிட்டார். நான் மறுபடி முந்தி வைத்தேன்." "பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கிழிந்த கையுறையைத் தைத்து மேசையில் வைத்திருக்கிறார்." "மகளும் அவரைப் போலவே குறட்டை விடுகிறாள். இருவருக்கும் நடுவில் நான் எப்படித் தூங்குவது?" சந்தோஷம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அவளுக்கும் எழுத வராது.

ஒரு பக்கத்தில் இப்படி: "பெஞ்சிலிருந்து ஒரு கிழவி என்னை எழுப்பப் பார்த்த கதையை வந்தவர்களிடம் சொல்லி இன்றும் சிரித்தார். அந்தக் கிழவி நாசமாய்ப் போக."

நாசமாய்த்தான் போனாள்.

மார்ச் 21, சனி

மகளின் பெயர் அந்த நாட்குறிப்புகளில் இருந்தது. காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். முகத்தைப் புகைப்படங்களில் மனப்பாடம் செய்திருக்கிறேன். மூக்கு அவருடையது.

கட்டுப் போட்ட கையோடு ஸ்டூலில் ஏறி, கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். மூன்றரைக்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த நோட்டு மடியில் இருக்கிறது.

நாலு மணி.

நாலு பத்து. தெருவில் யாரும் இல்லை.

நாலேகால். பதினாறாவது நிமிடம் தொடங்குகிறது. உட்கார்ந்திருக்கிறேன்.