இலை உலர்த்துகிறவனின் சோதனைக் காலம்

மே 4

புது ஆலையில் முதல் வாரம் முடிந்தது. தலையில் வலைத்தொப்பி மாட்டிவிட்டார்கள். ஈ மொய்க்காமல் மூடிவைத்த பலகாரம் போல இருக்கிறேன். சட்டையில் பெயர் அட்டை: அனஸ்தாசியோ வில்யால்பா. நானே படித்தேன்! இந்த ஆலையில் உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்.

நாற்பத்தொரு வருடம் மரக்கம்புப் பரண்மேல் நின்று, கீழே தீ எரிய, தேயிலை போல ஊறவைத்துக் குடிக்கிற மாத்தே இலையைப் புரட்டிக் காயவைத்தவன் நான். முதலாளி செத்தார், பிள்ளைகள் பரணைப் பிரித்து விற்றார்கள். இங்கே வந்தேன். மூன்று மாதம் சோதனையாம். தேறாவிட்டால் வெளியே. அறுபத்தேழு வயதில் வேறு எவன் எடுப்பான்?

மே 5

எனக்கு முந்தைய ஷிப்டில் அடுப்பைப் பார்க்கிற வில்ஃப்ரிதோ ஒரு கழுதை.

சொன்னால் காற்றோடு போய்விடும். எழுதினால் நாளைக்கும் கழுதையாகவே இருக்கிறான். போன வருடம்தான் மாதா கோவில் வகுப்பில் எழுத்துக் கற்றேன். இவ்வளவு சுகம் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லையே!

மே 19

இஞ்சினியர் நெலிதா ஒரு தாளைக் கொடுத்தாள். முப்பது வயது. இலைத் தூசி பட்டாலே தும்முகிறாள்.

"மணிக்கொரு தடவை அடுப்புச் சூடு எவ்வளவுன்னு பாத்து இதுல எழுதிடுங்க, அனஸ்தாசியோ ஐயா."

"எதுக்கும்மா? காய்ஞ்ச காம்பு முறியிற சத்தம் எனக்குத் தெரியும். காது போதும்."

"உங்க காது ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடும். தாள் இங்கேயே இருக்கும்."

திமிர். மணிக்கு மணி எழுதவா நான் வந்தேன்? ஷிப்ட் முடிகிறபோது எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டுவிடுகிறேன். ஒருத்திக்கும் தெரியவில்லை.

ஜூன் 2

சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து ஆளுக்கொரு பிளாஸ்கில் மாத்தே குடிக்கிறார்கள். பரணடியில் நாங்கள் குடித்ததுபோல ஒரே குடுவையைக் கைமாற்றிக் குடிக்கத் துப்பில்லை — குடும்பமாம்.

ஜூன் 17

இந்த நோட்டை இனி ஆலைக்கும் கொண்டுபோவேன். எழுதாமல் கை அரிக்கிறது.

ஜூலை 8

கருகிப்போச்சு. பெல்ட்டில் ஓடி உலர்கிற இலை முழுக்கக் கருகிப்போச்சு. என் கண் முன்னாடி. கண் முன்னாடியா? கண்ணு நோட்டுல இல்ல இருந்துச்சு!

மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை வில்ஃப்ரிதோ விறகு அடுக்கும் லட்சணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். சத்தம் கேட்கவில்லை. வாடைதான் எழுப்பியது. பயத்தில் எல்லாக் கட்டத்திலும் வழக்கமான எண்ணை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 9

நெலிதா என் தாளைக் காட்டி வில்ஃப்ரிதோவைக் கேட்டாள். "அவர் நேரத்துல சூடு சரியா இருந்திருக்கு. அப்போ இலை உன் நேரத்துலதான் கருகியிருக்கு, நீ போறப்போ அடுப்புல விறகைத் திணிச்சிருக்கே."

"சத்தியமா இல்லீங்க!"

"இப்படி விறகைத் திணிச்சு மாட்டுறது ரெண்டாவது தடவை. நாளைலேருந்து வரவேண்டாம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

இத்தனை காலம் கைநாட்டு வைத்தேன். கைநாட்டு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஜூலை 10

விடிந்ததும் போனேன். நெலிதாவின் மேசையில் அந்தத் தாளை வாங்கி எண்களைக் கோடு போட்டு அடித்தேன். குறுக்கே எழுதினேன்: 'சூட்டைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். வில்ஃப்ரிதோ தப்பு செய்யவில்லை.' எழுதி முடிக்கக் கால் மணி ஆனது. அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 11

வில்ஃப்ரிதோ திரும்ப வந்துவிட்டான்.

"யோவ் பெரிசு, ஊரே கருகுற அளவுக்கு அப்படி என்னத்தய்யா எழுதிக்கிட்டிருந்தீரு?"

"உன்னப் பத்திதான்."

"நல்லதாவா?"

"இல்ல."

மூக்கில் மாத்தே ஏறும்வரை சிரித்தான். அவன் சிரிப்பும் சகிக்கவில்லை.

ஜூலை 30

நெலிதா என் சோதனையை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறாள். நோட்டு ஆலைக்குள் வரக்கூடாதாம். சரி என்றேன்.

புதுத் தாளும் கொடுத்தாள். சூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: சத்தம். "காதுல கேக்கறதையும் போடுங்க. என்ன போடுவீங்கன்னு பாக்கறேன்."

வில்ஃப்ரிதோ தன் ஷிப்டில் ஆறு தடவையும் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தான். இலை என்ன, உடம்பு சரியில்லாத மாமியாரா?

மூன்று மணிக்கு நான் பென்சிலை எடுத்தேன். 'முறிகிறது' என்று போட்டு அடித்தேன். 'கோழி சருகைக் கிளறுவது போல, ஆனால் கோழி இன்னும் நனைந்திருக்கிறது.' இதுதான் சரி. முதலில் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

எந்த முட்டாள் இவ்வளவு சின்னக் கட்டம் போட்டான்? தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதவேண்டியதாயிற்று.