நட்சத்திரம் மறையவில்லை

2023 பெப்ரவரி 8

பதுளை வானியல் சங்கக் கூட்டம். சங்கம் என்றால் ஏழு பேர், ஒரு இறப்பர் முத்திரை, ஒரு செயலாளர். செயலாளர் ஸனூஸ், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், என் தங்கை நளீராவின் கணவர். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மூன்று பேர் என்று அறிக்கையில் வாசித்தார். என்னுடையதைச் சேர்க்கவில்லை. அது வாங்கியதல்ல, பதினொரு மாதம் கண்ணாடி தேய்த்து நானே செய்தது.

வெளிநாட்டார் ஆளில்லா விண்கலம் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். அது ஒரு சிறுகோளின் பக்கத்தால் பறந்து போக வேண்டும். அந்தக் கல்லின் அளவு யாருக்கும் சரியாகத் தெரியாது. இருபத்தோராம் தேதி மாலை அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகிறது. அதன் நிழல் எங்கள் ஊவா மாகாணத்தில் விழும். நிழலுக்குள் நிற்பவருக்கு நட்சத்திரம் கணநேரம் மறையும். எங்கே மறைந்தது, எங்கே மறையவில்லை என்பதை வைத்துக் கல்லை அளப்பார்கள். கலம் எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதும் அதிலிருந்துதான்.

பார்க்கும் இடங்களை ஸனூஸ் பிரித்தார்: அவர் பதுளையில். சங்கத்து ஹஸீப் லுணுகலையில். நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில்.

"ஒங்களுக்குச் சரியா நடு எடம் தந்தீக்கி மச்சான். தவற விட ஏலாது," என்றார் ஸனூஸ்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஏற்ற இடம்.

பெப்ரவரி 22

நேற்று மாலை பெரட்டுக் களத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடம். அங்கேதான் வானம் திறந்திருக்கிறது. தோட்டத்து யாகோப்பு கூட நின்றார். நட்சத்திரம் மறைய வேண்டிய நேரம் 7.14 வந்தது, போனது. நட்சத்திரம் அசையாமல் எரிந்தது. கைப்பேசியில் முழுவதும் பதிந்திருக்கிறது.

"ஆச்சுங்களா மொதலாளி?"

"ஒண்ணும் நடக்கல்ல."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

பெப்ரவரி 23

ஸனூஸுக்கு மறைந்ததாம். ஹஸீபுக்கும் மறைந்ததாம். நடுவில் நின்ற எனக்கு மட்டும் இல்லை.

"நெழல் ஒங்கட தலைக்கு மேலால பாஞ்சு போனதா மச்சான்?" என்று கேட்டார் ஸனூஸ்.

ஆறு பேரும் சிரித்தார்கள். பிறகு தீர்ப்பு: கண்டவர் இரண்டு பேர் இருக்கிறார்கள், போதும், காணாதவர் சொல் சாட்சியாகாது. எல்லோரும் மாதம் தவறாமல் பள்ளிவாசல் மொட்டைமாடியில் பிறை பார்ப்பவர்கள். பழக்கம் நாக்கில் வந்துவிட்டது. பிறைக்கு அது சரி; ஒருவர் கண்ணை மேகம் மறைக்கலாம். நானும் அப்படித்தான் நோன்பு பிடிக்கிறேன். ஆனால் நான் நட்சத்திரத்தைக் காணாமல் இருக்கவில்லையே. அந்த நேரம் முழுவதும் கண்டேன். அதுதானே என் சாட்சி?

பெப்ரவரி 24

அறிக்கைப் புத்தகத்தில் ஸனூஸ் என் பெயருக்கு எதிரே "மேகமூட்டம்" என்று எழுதியிருக்கிறார். என் பதிவில் பக்கத்து நட்சத்திரங்கள் ஆறு தெரிகின்றன. நல்ல கெட்டிக்கார மேகம்.

பெப்ரவரி 26

மகள் ஷம்ராவிடம் சொல்லி கலத்தைத் தயாரிக்கும் விண்வெளி நிறுவனத்துக்கே நேரடியாக எழுதினேன். ஆங்கிலம் என்னுடையது, தட்டச்சு அவளுடையது.

"மாமாவ மீறி அனுப்பினா மாமி பேச மாட்டா வாப்பா."

"அப்ப காதுக்குக் கொஞ்சம் ஓய்வு."

அனுப்பிவிட்டாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 3

நோன்பு பத்தைத் தாண்டிவிட்டது. நளீரா வீட்டிலிருந்து கஞ்சி வரவில்லை. நாற்பது வருடத்தில் முதல் தடவை. கஞ்சிக்கும் சிறுகோளுக்கும் என்ன சம்பந்தம்? நான்தான் சம்பந்தம்.

பதிவை மறுபடி பார்த்தேன். ஒன்பதாவது முறை. நட்சத்திரம் பிழையோ? எழுபத்து மூணு வயசு, கண்ணுல ஒப்பரேசன் வேற — நான்தான் வேற எதையோ பார்த்துக்கிட்டு நிண்டேனா? வரைபடத்தோடு ஒப்பிட்டேன். பிழையில்லை. பிழையில்லை என்று எத்தனை முறை எழுத வேண்டும்?

மே 2

பதில் இல்லை.

ஜூன் 14

பதில் வந்தது. பதிவின் மூலப் பிரதி வேண்டுமாம். மேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 19

நிறுவனத்திலிருந்து மறுபடி கடிதம்: கல் ஒன்றல்ல, இரண்டு. பெரியதைச் சின்னது சுற்றுகிறது. பெரியதன் நிழல் பதுளையில், சின்னதன் நிழல் லுணுகலையில். நடுவில் மறையாததால்தான் பிரித்தறிந்தார்களாம். கலம் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்தில் கடப்பதாக இருந்தது. அந்த வழியில் சின்னது குறுக்கிடலாம் என்று நாற்பதாக்கிவிட்டார்கள்.

ஸனூஸ் சங்கத்துக்குப் புதிய கடிதத்தாள் அடித்திருக்கிறார். "இரட்டைக் கல்லைக் கண்ட சங்கம்."

2024 ஒக்டோபர் 11

ஏவினார்கள். சங்கத்தில் பெரிய திரை, கேக், பேச்சு. "நாங்கள்" என்ற சொல்லை ஸனூஸ் பதினேழு தடவை சொன்னார். றொக்கெட் மேலே போனபோது நான் அழவில்லை. கண்ணில் ஒப்பரேசன் செய்த பக்கம்தான் கலங்கியது.

நளீரா வந்திருந்தாள். கேக்கை என் கையில் வைத்துச் சொன்னாள்: "ரெண்டு கெழவனும் சண்ட புடிக்க ஒரு கல்லு போதாம ரெண்டாக்கிட்டீங்க."

2025 நவம்பர் 23

கலம் நேற்று கடந்தது. படம் வந்தது. ஷம்ரா பெரிதாக அச்சடித்துத் தந்தாள். ஒரு பெரிய கல், தள்ளி ஒரு சின்னக் கல், இடையில் கறுப்பு.

மாலையில் ஸனூஸ் வந்தார், தனியாக. படத்தை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பெரிய கல்லில் விரலை வைத்து, "இது நான்," என்றார். சின்னதில் வைத்து, "இது ஹஸீப்." பிறகு, "நீங்க எங்க நிண்டீங்க மச்சான்?"

இடையில் விரலை வைத்தேன்.

"அங்க ஒண்டுமில்லையே."

"ஆமா," என்றேன்.

போகும்போது அறிக்கைப் புத்தகத்தை நான் கேட்காமலே என்னிடம் விட்டுவிட்டுப் போனார். என் பெயருக்கு எதிரே 'மேகமூட்டம்' கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தது, சிவப்பு மையில், அளவுகோல் வைத்து.