எதிர் பால்கனியில் என் நைட்டி

மார்ச் 3, புதன்

என் மகள் மிளகுக்கு இன்றோடு பதினான்கு மாதம். எதையும் பிடிக்காமல் நின்றபடி கை தட்டினாள். பிடிமானம் இல்லை என்று நினைவு வந்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நான் கத்திய கத்தலில் குளியலறையிலிருந்து இவர் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

சாயங்காலம் அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன். நேற்றே அவர் வீட்டில் தட்டினாளாம். நானாகவே முதலில் பார்த்தால் சந்தோஷப்படுவேன் என்று சொல்லாமல் விட்டாராம். விட்டது விட்டாயிற்று, இப்போது மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்?

அண்ணி இவருடைய அக்கா. எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி. நாங்களும் மூன்றாவது மாடி. நடுவில் வண்டிகள் நிறுத்துகிற இடம். அண்ணி பள்ளியில் கணக்கு டீச்சர், கொரோனாவால் பள்ளி மூடிக் கிடக்கிறது. கல்யாணம் முறிந்து ஆறு வருடம், குழந்தை இல்லை. நான் கடைக்குப் போகிற நாட்களில் மிளகு அவரிடம்தான். நன்றியோடு இருக்க வேண்டும். இருக்கிறேன். நன்றியோடு இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மார்ச் 5, வெள்ளி

கண்ணாடிக் கடையில் இன்று ஒன்பது பேருக்குக் கண் பரிசோதனை. ஏழாவது ஆள் கடைசி வரி எழுத்துகளைப் படிப்பதற்குள் மூன்று முறை இருமினார். முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார். மேலே ஏற்றச் சொன்னேன். ‘எழுத்துதான் தெரியல, மூச்சாவது விட விடும்மா’ என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 7, ஞாயிறு

வந்துவிட்டது. எனக்குப் பாசிட்டிவ். இவருக்கும் மிளகுக்கும் இல்லை.

டாக்டரம்மா போனில் நிதானமாகத்தான் பேசினார். முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், குழந்தையைப் பிரிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். நான்தான் கேட்கவில்லை. என் மூச்சே அவளுக்கு விஷம் என்று தோன்றியது. தூக்கிக்கொண்டு போங்கள், இப்போதே போங்கள் என்று கத்தினேன். இவர் கைக்குக் கிடைத்த துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, மிளகை இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பதினைந்து நாள் இவருக்கும் அங்கேதான் ஜாகை.

அவள் திரும்பிப் பார்த்தாளா? கதவைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். தெரியவில்லை.

மார்ச் 8

காய்ச்சல் 102. நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. பாலைப் பிழிந்து வாஷ்பேசினில் ஊற்றினேன்.

மார்ச் 10, புதன்

சாப்பாட்டுப் பாத்திரத்தை இவர் கதவுக்கு வெளியே வைத்து, மணியடித்துவிட்டு, மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் நின்றுகொள்கிறார். அங்கிருந்து கையசைக்கிறார். இவர் வேலையே லிஃப்ட் மெக்கானிக், மனைவியைப் பார்க்கப் படியேறி வருகிறார். மின்சாரம் இருந்தும். லிஃப்டில் மற்றவர்கள் பயப்படுகிறார்களாம்.

பாத்திரத்தோடு ஒரு சீட்டும் வருகிறது. அண்ணியின் கையெழுத்து. கட்டம் போட்ட தாள், கோடு தாண்டாத எழுத்து.

‘7 மணி, பால். 9 மணி, முட்டை முழுசாக. 1 முதல் 3 வரை தூக்கம். ராத்திரி 8க்குத் தூங்கிவிட்டாள். அழவில்லை. நீ தூங்கு.’

அழவில்லை என்பதற்கு அடிக்கோடு வேறு.

பெற்றவள் இதைப் படித்து நிம்மதியடைய வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் இருக்கும்போது முட்டை என்றால் வாயைப் பூட்டிக்கொள்வாள். என் மார்பில் வாய் வைக்காமல் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை. மூன்றே நாள். மூன்று நாளில் ஒரு அம்மாவை மறக்க முடியுமா?

விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் 95. டாக்டரம்மா 93க்குக் கீழே போனால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். வயிற்றெரிச்சலை அளக்க இப்படி ஒரு கருவி இருந்தால் இந்நேரம் ஆம்புலன்ஸ் வந்திருக்கும்.

மார்ச் 13, சனி

இரண்டு நாளாக எழுதவில்லை. எழுந்து உட்கார முடியவில்லை. வியாழக்கிழமையிலிருந்து வாசனையும் போய்விட்டது. ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்து அழுத்தினேன். எலுமிச்சை, பினாயில், எதுவும் இல்லை. சோறு வாயில் ஈரப் பஞ்சு.

இன்று ஜன்னல்வரை நடந்தேன். எதிர் பால்கனியில் மூன்று பேர். இவர் நாற்காலியில், அண்ணி பக்கத்தில், மிளகு அண்ணி மடியில். இவர் ஏதோ சொல்கிறார், அண்ணி சிரிக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் வராது, உருவம் மட்டும்தான். தெரியாதவர்கள் பார்த்தால் அழகான குடும்பம் என்பார்கள்.

கையசைத்தேன். அண்ணிதான் முதலில் பார்த்தார். மிளகின் கையைப் பிடித்து அவரே ஆட்டினார். பொம்மைக்கு ஆட்டுவதுபோல.

ராத்திரிச் சீட்டு: ‘நன்றாக விளையாடினாள். அழவில்லை.’

மார்ச் 15, திங்கள்

என் நைட்டியைப் போட்டிருக்கிறாள்.

நீல நைட்டி, கழுத்தில் வெள்ளைப் பூ. என்னுடையதுதான், பிறந்தநாளுக்கு இவர் வாங்கித் தந்தது. அதைப் போட்டுக்கொண்டு, தலையை என்னைப்போல உச்சியில் முடிந்துகொண்டு, என் பிள்ளையைத் தோளில் போட்டு பால்கனியில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறாள். ஒரு நொடி என்னையே பார்ப்பதுபோல இருந்தது. நான் செத்துப்போய், ஆனால் வீட்டில் யாருக்கும் எதுவும் குறையாமல், எல்லாம் அதுபாட்டுக்கு நடப்பதுபோல.

பிள்ளையை எடுத்துக்கோ. புருஷன் உனக்குத் தம்பி, அதுவும் சரி. என் துணி எதுக்குடி உனக்கு?

எழுதிவிட்டேன். அடித்து அழிக்கப்போவதில்லை.

மார்ச் 16

இவரிடம் கேட்கவில்லை. கேட்டால், ஒரு நைட்டிக்கா இவ்வளவு என்பார்.

மார்ச் 19, வெள்ளி

காய்ச்சல் விட்டு மூன்று நாள். நெஞ்சுக் கல் கரைந்துவிட்டது. வலியில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பிழிந்தால் ஒரு ஸ்பூன்கூட வரவில்லை.

தலை வாரினால் சீப்பு நிறைய முடி.

மார்ச் 22, திங்கள்

பதினைந்து நாள் முடிந்தது. குளித்து, மிளகுக்குப் பிடித்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி, எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். என்ன நடக்கும் என்று பதினைந்து நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். தாவுவாள். நான் அழுவேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அண்ணியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கை நீட்டியதும் வீறிட்டாள்.

‘கொஞ்ச நேரம் உட்காரு, தானா வருவா’ என்றார் அண்ணி.

என் பிள்ளை என்னிடம் வர எனக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். அப்படித்தான் அந்த நேரத்தில் காதில் விழுந்தது. உட்காரவில்லை. அழ அழப் பிடுங்கி வாங்கிக்கொண்டேன். இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டதற்கு ரொம்ப நன்றி அண்ணி, நீங்களும் ஓய்வெடுக்க வேண்டுமே, இனிமேல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கொஞ்ச நாள் நீங்கள் வர வேண்டாம் என்றேன். எல்லாம் மரியாதையான சொற்கள்தான். ஒவ்வொன்றையும் சாணை பிடித்து வைத்திருந்தேன்.

அண்ணி சரி என்றார். அவ்வளவுதான். மிளகின் துணிப்பையை இவர் கையில் கொடுத்தார். நைட்டி அதில் இல்லை.

ராத்திரி மார்பில் போட்டேன். வாய் வைத்தாள், விட்டாள், என்னை அண்ணாந்து பார்த்தாள், திரும்பிப் படுத்தாள்.

மார்ச் 25, வியாழன்

இவர் வேலைக்குப் போய்விட்டார். நானும் மிளகும் மட்டும். மதியம் முழுக்கச் சிணுங்கினாள். பசி என்று ஊட்டினேன், துப்பினாள். தூக்கம் என்று தட்டினேன், உதைத்தாள். அத்தை வேண்டும் என்கிறாளோ என்று கோபம் வந்தது. ‘அத்த இல்ல, அம்மாதான்’ என்று அதட்டினேன். அவள் இன்னும் அழுதாள்.

ஆறு மணிக்கு இவர் கதவைத் திறந்தவர் அங்கேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். ‘என்ன பண்ணிக்கிட்டு இருக்க? உனக்குத் தெரியலயா?’

எனக்குத் தெரியல. எப்படித் தெரியும்? டயபரைக் கழற்றினால் — எத்தனை மணி நேரமாக அப்படியே இருந்தாளோ — தொடையெல்லாம் வெந்து சிவந்து, ஓர் இடத்தில் தோல் உரிந்து. அதைச் சொல்லத்தான் மதியமெல்லாம் அழுதிருக்கிறாள். நான் பொறாமையில் வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். மூக்கு இல்லாவிட்டால் கண் இருக்கிறதே. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவள்.

இவர் திட்டவில்லை. ‘அக்காவைக் கூப்பிடட்டுமா’ என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னேன்.

மார்ச் 26, வெள்ளி

அண்ணி காலை ஏழு மணிக்கே வந்தார். வெந்நீர், பஞ்சு, களிம்பு எல்லாம் அவரே கொண்டுவந்திருந்தார். மிளகு சிரித்துக்கொண்டே அவரிடம் போனாள். எரிந்தது. இருந்தாலும் அவள் கால்களை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

எப்படியும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். களிம்பு தடவி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

‘என் நைட்டியை ஏன் போட்டுக்கிட்டீங்க?’

அவர் நிமிரவில்லை. ‘பார்த்துட்டியா?’

‘பார்த்தேன்.’

‘அது பாப்பா துணியோட சுருண்டு வந்துடுச்சும்மா. துவைக்காதது, அழுக்குக் கூடையில கிடந்தது போல. மூணு ராத்திரி இவ கண்ணையே மூடல. பாட்டில வாங்கி என் மூஞ்சியிலேயே எறியறா. நாலாவது நாள் அந்த நைட்டியை எடுத்து மூஞ்சியை அமுக்கிக்கிட்டு அப்படியே தூங்கினா. சரின்னு நானே போட்டுக்கிட்டேன். என்ன பண்றது, எங்கிட்ட உன் வாசனை இல்லையே.’

‘அழவில்லைன்னு எழுதினீங்க.’

‘ஆமா.’

‘தினமும் எழுதினீங்க. அடிக்கோடு போட்டு.’

‘காய்ச்சல்ல கிடக்கிறவளுக்கு வேற என்ன எழுதறது? உன் பொண்ணு உன்னைத் தேடித் தேடித் தொண்டை கட்டிக்கிச்சுன்னா?’ களிம்பு மூடியைத் திருகினார். ‘அழுகை நின்னப்புறம்தான் பால்கனிக்கே தூக்கிட்டு வருவேன். நீ ஜன்னல்ல நிப்பேன்னு தெரியும். கீழ்வீட்டுக்காரர் ரெண்டு தடவை மேல வந்து சண்டை போட்டுட்டுப் போனார். உன் புருஷனைக் கேளு, வாயைத் திறக்காதேன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்.’

எனக்கு அழுகை வந்தது. கூடவே — இதை வேறெங்கும் எழுத முடியாது — சந்தோஷம் வந்தது. என் பிள்ளை மூன்று ராத்திரி தூங்காமல் தொண்டை கட்ட அழுதிருக்கிறாள் என்று கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது. நான் என்ன மாதிரி அம்மா?

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சர். விடை எங்கே தப்பியது என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

‘இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நீ சீக்கிரம் எழுந்திருச்சிருப்ப போல’ என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். எதற்கென்று புரியாமல் மிளகும் கை தட்டினாள்.

மார்ச் 30, செவ்வாய்

பால் வரவில்லை. டாக்டரம்மா அடிக்கடி வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னார். மிளகுக்கு அது இப்போது ஒரு விளையாட்டுச் சாமான். குத்திப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். அவளுக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை. அன்றைக்கே டாக்டரம்மா பேச்சைக் கேட்டிருந்தால்? இனி இதை எழுதினால் இதையேதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

டயபரை இப்போது மணிக்கு ஒருமுறை பார்க்கிறேன். போன் அடித்து ஞாபகப்படுத்துகிறது. நாளுக்கு ஒருதரம் அண்ணி வந்து அவள் தலையை முகர்ந்துவிட்டு, ‘எண்ணெய்ப் பிசுக்கு, குளிப்பாட்டு’ என்கிறார். அதற்கும் பொறாமைதான். ஆனால் அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். என் பிள்ளை எப்படி மணப்பாள் என்பது இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிகிறது என்றேன். அண்ணி மறுபடி முகர்ந்தார். ‘வெயில்ல காஞ்ச துணி மாதிரி இருக்கு. கொஞ்சம் புளிச்ச பால். காதுக்குப் பின்னாடி ரொட்டி’ என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, திங்கள்

கடைக்குத் திரும்பிய முதல் நாள்.

காலையில் அண்ணி வீட்டு வாசலில் மிளகு என் மேல்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அண்ணியிடம் கொடுத்தேன். ‘போ போ, பஸ் போயிடும்’ என்று அண்ணி கதவைச் சாத்தினார். மூன்று மாடியும் அந்த அலறலோடுதான் இறங்கினேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மிளகு கீழே உட்கார்ந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. எரியவில்லை என்று எழுதினால் பொய். பஸ் வரும்வரை எரிந்தது.

கடையில் கூட்டம். கண் பரிசோதனை பதினொன்று. ஒரு பெரியவர் எழுத்து அட்டையை மனப்பாடமாக ஒப்பித்து என்னை ஏமாற்றப் பார்த்தார். அட்டையைத் தலைகீழாக மாட்டினேன். அப்போதும் அதே வரிசையில் ஒப்பித்தார்.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போதுதான் உறைத்தது. மணி இரண்டேகால். காலையிலிருந்து ஒரு தடவைகூட அண்ணிக்கு நான் போன் செய்யவில்லை.